இன்றைய பங்கு



நாலடியாரைப் படித்தவர்கள் அதன் தொடக்க அதிகாரங்களின் வரிசையைக் கவனித்திருப்பார்கள். முதலாவது செல்வம் நிலையாமை. இரண்டாவது இளமை நிலையாமை. மூன்றாவது யாக்கை நிலையாமை. பொருள் போகும், இளமை போகும், உடம்பும் போகும் என்று முப்பது பாடல்களிலே சொல்லி முடித்த பின்னர் நான்காவதாக வருகிற அதிகாரம் எது தெரியுமா? அறன் வலியுறுத்தல். நிலையாமையைச் சொன்னவர்கள் அந்த இடத்திலேயே நம்மை உட்கார்ந்து அழ விடவில்லை. நேரம் குறைவு, ஆகையால் செய்ய வேண்டியதைச் செய் என்று எழுப்பி விடுகிறார்கள்.

இதே வரிசையை விவிலியத்திலும் காணலாம். சங்கீதங்களில் தொண்ணூறாவது, மோசேயின் செபம் என்று தலைப்பிடப்பட்டது. அதில் மனிதன் காலையில் முளைத்து மாலையில் வாடும் புல்லுக்கு ஒப்பிடப்படுகிறான். ஆயுள் எழுபது, பலமிருந்தால் எண்பது என்று கணக்கும் சொல்லப்படுகிறது. நாட்களை எண்ணுகிற அறிவைத் தந்தருளும் என்ற வேண்டுதல் அதன் நடுவில் வருகிறது. மரண வீடுகளில் இந்தப் பகுதியை வாசிக்கக் கேட்டிருக்கிறோம். ஆனால் அந்தச் செபம் எப்படி முடிகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நம்முடைய கைகள் செய்கிற வேலையை உறுதிப்படுத்தும் என்று கடவுளைக் கேட்டு முடிகிறது. புல்லைப் போல வாடுகிற மனிதன், தன் கைவேலை நிலைக்க வேண்டும் என்று கேட்கிறான். வாடுகிறவனுக்கு இப்படிக் கேட்க என்ன உரிமை? இந்தக் கேள்வியைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

வாழ்நாள் குறுகியது என்று உணர்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றில் இறங்கிவிடுகிறார்கள். நாளைக்கு இருப்போமோ தெரியாது, இன்றைக்கே அனுபவித்து விடுவோம் என்பது ஒன்று. நாளைக்கு இருப்போமோ தெரியாது, எதைச் செய்துதான் என்ன என்பது மற்றது. முதலாவது ஆள் ஓடுகிறான், இரண்டாவது ஆள் படுத்து விடுகிறான். இருவரும் ஒரே பிழையைத்தான் விடுகிறார்கள். தாங்கள் முடிக்கிற வேலை மட்டுமே தங்களுடைய வேலை என்று இருவரும் நினைக்கிறார்கள்.

நம்முடைய யாழ்ப்பாணத்திலே, நாம் அன்றாடம் பேசுகிற தமிழோடு தொடர்புடைய ஒரு வரலாறு இந்த நினைப்பைத் திருத்தும். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த முதற் குருமார் 1816ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். அவர்களுள் வாறன், றிச்சாட்ஸ் என்ற இருவர் வந்த சிறிது காலத்திலேயே நோயாளிகளானார்கள். காற்று மாற்றம் வேண்டி இருவரும் கப்பலேறித் தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குப் போனார்கள். வாறன் 1818இல் அங்கேயே இறந்து விட்டார். றிச்சாட்ஸ் யாழ்ப்பாணம் திரும்பினார், 1822இல் அவரும் மறைந்தார். 1824இல் உடுவிலில் பெண் பிள்ளைகளுக்கென விடுதிப் பாடசாலையைத் தொடங்கிய ஹரியற் வின்சிலோ அம்மையார் 1833 சனவரியில் முப்பத்தாறு வயதிலே காலமானார். ஆனால் அந்தப் பாடசாலை உடுவில் மகளிர் கல்லூரியாக இருநூறு ஆண்டைத் தாண்டி நிற்கிறது. அவர் அதை நடத்திய காலம் பத்து வருடம்கூட நிறையவில்லை.

அந்த அம்மையாரின் கணவர் மிறன் வின்சிலோவின் பெயரைத் தமிழறிந்தோர் யாவரும் அறிவர். 1862இல் சென்னையில் வெளிவந்த வின்சிலோ தமிழ் - ஆங்கில அகராதியில் 67,000க்கு மேற்பட்ட சொற்கள் உள்ளன. இந்த அகராதிக்கு அத்திவாரம் இட்டவர் வின்சிலோ அல்லர். 1818இல் இங்கிலாந்துத் திருச்சபை மிஷனிலிருந்து வந்து நல்லூரில் பணிபுரிந்த யோசேப்பு நைற் என்ற குருவானவரே அதற்காகச் சொற்களைத் திரட்டத் தொடங்கியவர். தமிழ்ப் புலவர்களை அருகில் வைத்துக்கொண்டு, நூல்களையும் நிகண்டுகளையும் பார்த்துப் பார்த்து வருடக் கணக்காகச் சேர்த்தார். 1840இல் இறந்து போனார். அகராதி வெளிவரவில்லை. அவர் விட்டுச் சென்ற திரட்டு ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாறியது. ஸ்போல்டிங் போன்றவர்களின் உழைப்பு அதிலே சேர்ந்தது. இராமானுசக் கவிராயர் போன்ற தமிழ்ப் புலவர்களின் புலமையும் சேர்ந்தது. கடைசியாக வின்சிலோ அதை நிறைவேற்றினார். நைற் மறைந்து இருபத்திரண்டு வருடங்களின் பின்னர் புத்தகம் அச்சேறியது. முடித்தவருக்கும் அதன் பின் அதிக நாள் கிடைக்கவில்லை. 1864இல் தாயகம் போகும் வழியில் வின்சிலோவும் நன்னம்பிக்கை முனையில் உயிர்துறந்தார்.

நைற் பாதிரியாரை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். அவர் தம் மேசையிலே ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதுகிறார். அகராதி முடியும்வரை தாம் இருப்பாரா என்பது அவருக்குத் தெரியாது. அந்தச் சொல்லின் பொருளைச் சரியாக எழுதலாமா கூடாதா என்பது மட்டும் அவர் கையில் இருந்தது. அதுதான் அன்றைய நாளின் பங்கு. அந்தப் பங்கை அவர் ஒழுங்காகச் செய்தபடியால்தான் பின்னால் வந்தவர் அதன்மேல் கட்ட முடிந்தது. அரைகுறையாகச் செய்திருந்தால் வின்சிலோ எல்லாவற்றையும் திரும்பத் தொடங்கியிருக்க வேண்டும். முடியாத வேலையையும் முடிக்கத்தக்க விதமாகச் செய்வது என்று ஒன்று இருக்கிறது.

இனி மானிப்பாய்க்கு வருவோம். சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற வைத்தியர் 1847இல், இருபத்தைந்து வயதளவில், யாழ்ப்பாணம் வந்தார். 1848 முதல் மானிப்பாயில் நோயாளரைப் பார்த்தார், இளைஞருக்கு வைத்தியமும் கற்பித்தார். அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் வாந்திபேதி வந்தால் காலையில் நடமாடியவர் மாலையில் பாடையிலே போவார். மிஷனின் முதற் குருமாரில் ஒருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியின் முதல் அதிபருமான டானியல் பூவர், 1855இல் அதே மானிப்பாயில் அந்த நோய்க்குத்தான் பலியானார். வாழ்வு குறுகியது என்று கிறீனுக்குப் பிரசங்கம் செய்ய வேண்டிய தேவை இருக்கவில்லை. தினமும் கண்டவர் அவர்.

கண்டவர் என்ன செய்தார்? ஒரு வைத்தியர் எத்தனை நோயாளரைப் பார்க்க முடியும்? அவருடைய கையும் ஒரு நாள் ஓய்ந்து போகும். ஆகவே தம் கை ஓய்ந்த பின்னரும் நடக்கத்தக்க ஒன்றைத் தேடினார். ஆங்கிலத்தில் படித்துத் தேறிய மாணவர்களிற் பலர் அரசாங்க உத்தியோகத்துக்குப் போய் விடுகிறார்கள், கிராமத்து நோயாளி இருந்தபடியே இருக்கிறான் என்பதைக் கண்டார். 1862இல் அமெரிக்காவிலிருந்து இரண்டாம் முறை திரும்பி வந்த பின்னர் வைத்தியக் கல்வியைத் தமிழிலேயே நடத்தத் தீர்மானித்தார்.

அதற்குப் புத்தகம் எங்கே? எழுத வேண்டும். புத்தகம் எழுதச் சொல் எங்கே? அதையும் தேட வேண்டும். கிறீன் வைத்துக்கொண்ட ஒழுங்கு எளிமையானது. முதலில் தமிழில் சொல் உண்டா என்று பார்ப்பது. இல்லாவிட்டால் வடமொழியில் பார்ப்பது. அங்கேயும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் தமிழோசைக்கு ஏற்ப எடுப்பது. இரசாயன நூலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்று பெயர் வந்தது இப்படித்தான். அவரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து 1867இல் இரண வைத்தியம், 1872இல் மனுஷ அங்காதிபாதம், அதே ஆண்டில் வைத்தியாகரம், 1875இல் கெமிஸ்தம் என்று ஒன்றன்பின் ஒன்றாக நூல்களை வெளியிட்டார்கள். 1873இல் உடல்நலம் குன்றிக் கிறீன் அமெரிக்கா திரும்பினார். மீண்டும் வர முடியவில்லை. ஆனாலும் வேலை நிற்கவில்லை. கடல் கடந்து கையெழுத்துப் பிரதிகள் கப்பலிலே போயும் வந்தும் கொண்டிருந்தன. உடற்றொழில் பற்றிய மனுஷ சுகரணம் 1883இல் வெளிவந்தது. அடுத்த வருடம் மே மாதம் அவர் காலமானார். தமிழருக்கு வைத்திய ஊழியஞ் செய்தவர் என்பதையே தம் கல்லறையில் எழுத வேண்டும் என்று கேட்டிருந்தார். அவர் பிறந்த மாசசூசெற்ஸ் மாநிலத்துக் கல்லறையிலே அந்தக் கருத்துள்ள வாசகம் இன்றும் இருக்கிறது.

அன்பான நேயர்களே, இந்த இடத்தில் உங்களில் ஒருவர் கேட்கலாம். “கிறீன் வைத்தியர் அவ்வளவு பாடுபட்டு எழுதினாரே, அந்த நூல்களைப் படித்து இன்றைக்கு யார் டொக்டராகிறார்கள்?” நியாயமான கேள்வி. 1870இல் கொழும்பில் வைத்தியக் கல்லூரி ஆங்கிலத்தில் தொடங்கியது. உத்தியோகமும் மதிப்பும் அந்தப் பக்கம் போயின. மானிப்பாயில் தமிழில் நடந்த வகுப்பு நிலைக்கவில்லை. நூல்கள் அலுமாரிகளுக்குள்ளே போயின. அப்படியானால் அவருடைய கைவேலை உறுதிப்பட்டதா, இல்லையா?

அவரிடம் படித்து வெளியேறிய அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்கள் ஊர்களிலே பிழைக்க வைத்த உயிர்களுக்கு ஏட்டுக் கணக்கு இல்லை. அந்த உயிர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நம்மிடையே நடமாடுகிறார்கள். இருபதாம் நூற்றாண்டில் அறிவியலைத் தமிழில் கற்பிக்க வேண்டும் என்று அறிஞர் கூடியபோது, முடியுமா என்ற கேள்விக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே செய்து காட்டப்பட்ட விடை மானிப்பாயில் இருந்தது. அவர் தொடங்கிய வைத்தியசாலை அவர் பெயரைத் தாங்கி மானிப்பாயில் நிற்கிறது. எந்தக் கதவால் தம் வேலை நிலைக்கும் என்று அவர் எண்ணினாரோ அந்தக் கதவு மூடிக்கொண்டது. எண்ணாத சாளரங்கள் திறந்தன.

கிறிஸ்தவ வாழ்வின் ஒரு முக்கியமான படிப்பினை இங்கேதான் இருக்கிறது. நாம் செய்கிற வேலையை எது நிலைப்படுத்தும் என்று தீர்மானிக்கும் வேலை நமக்குத் தரப்படவில்லை. கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தில் பவுல் அடிகள், ஒருவர் நடுகிறார், ஒருவர் நீர் பாய்ச்சுகிறார், வளரச் செய்கிறவர் கடவுள் என்ற கருத்தைச் சொல்கிறார். நட்டவனுக்கும் நீர் விட்டவனுக்கும் விளைச்சலின்மேல் அதிகாரம் இல்லை. ஆனால் நடவும் நீர் விடவும் கட்டாயம் இருக்கிறது. கைவேலையை உறுதிப்படுத்தும் என்று அந்தச் சங்கீதக்காரர் கேட்டது உரிமையினால் அல்ல. உறுதிப்படுத்துகிறவர் தாமல்ல என்பதை அறிந்தபடியால் கேட்டார். அதை அறிந்த மனிதனுக்குப் பயம் குறையும், அவசரமும் குறையும். சோம்பலுக்கு மட்டும் இடமில்லை.

இதையெல்லாம் சாவகச்சேரியில் இருந்து பேசுகிறபோது நூல்களை மட்டும் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை. இந்த மண்ணே சாட்சி சொல்லும். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவை யாழ்ப்பாணத்தார் மறக்க மாட்டார்கள். வலிகாமத்துச் சனங்கள் இலட்சக் கணக்கில் கொட்டும் மழையிலே நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்குள் வந்தார்கள். சைக்கிளிலே மூட்டை, தோளிலே பிள்ளை, கையிலே வயோதிபத் தாய். அந்த நாட்களில் இங்குள்ள வீடுகள் வீடுகளாக இருக்கவில்லை, மடங்களாக இருந்தன. விறாந்தையில் ஒரு குடும்பம், மாட்டுக் கொட்டிலில் ஒரு குடும்பம், மாமரத்தின் கீழே ஒரு குடும்பம். கோயில் மண்டபமும் தேவாலயமும் பள்ளிக்கூடமும் நிரம்பி வழிந்தன. ஒரு கிணற்றை எத்தனையோ பேர் அள்ளினார்கள். வந்தவரிடம் எந்தச் சமயம் என்று எவரும் கேட்கவில்லை.

கதவைத் திறந்து விட்டவர்கள் தங்கள் வீடு தங்களுக்கு நிலைக்கும் என்ற உறுதியோடு திறந்தார்களா? ஐந்து வருடம் போகவில்லை. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் தென்மராட்சிக்குள் வந்தது. அடைக்கலம் கொடுத்தவர்கள் அடைக்கலம் தேடிப் போனார்கள். அவ்வாண்டு முடிவதற்குள் சாவகச்சேரிப் பட்டினம் இடிபாடாகக் கிடந்தது. தென்னையும் பனையும் தலையிழந்து நின்றன. திரும்பி வந்தபோது பலருக்குக் கூரை இல்லை, சிலருக்குச் சுவரும் இல்லை. 1995இல் அந்தக் கூரையின் கீழே படுத்து எழும்பிய பிள்ளைகள் மட்டும் இருந்தார்கள், வளர்ந்து கொண்டிருந்தார்கள். கூரை போய்விட்டது. கூரையால் செய்த தருமம் போகவில்லை.

இயேசு பெருமான் கடைசித் தீர்ப்பைப் பற்றிச் சொன்ன உவமை மத்தேயுவின் இருபத்தைந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. அங்கே கேட்கப்படும் கேள்விகள் மிகச் சிறியவை. பசித்தவனுக்குச் சோறு கொடுத்தாயா, தாகமாயிருந்தவனுக்குத் தண்ணீர் கொடுத்தாயா, அந்நியனைச் சேர்த்துக்கொண்டாயா, நோயாளியைப் போய்ப் பார்த்தாயா? நூறு வருடம் வாழ்ந்து செய்ய வேண்டியது ஒன்றும் அந்தப் பட்டியலில் இல்லை. எல்லாம் ஒரு நாளுக்குள் செய்து முடிக்கக் கூடியவை. வாழ்நாள் குறுகியது என்ற முறைப்பாடு அந்த நீதிமன்றத்திலே எடுபடாது. நல்லவராக வாழ நாள் போதவில்லை என்று எவரும் சொல்ல முடியாதபடி, கடவுள் அதை ஒரு நாளின் அளவுக்குள் வைத்து விட்டார்.

ஆகவே நாளைக் கிறிஸ்தவ நோக்கோடு வாழ்வது என்றால் பெரிதாக ஒன்றைத் தேடிப் போக வேண்டும் என்பதில்லை. ஆசிரியருக்கு இன்றைய பங்கு, கொப்பிக்கட்டிலே அடியில் கிடக்கிற, எழுத்துக் கூடாத பிள்ளையின் கொப்பியைப் பொறுமையாகத் திருத்துவது. தாதிக்கு இன்றைய பங்கு, பதினேழாம் கட்டில் கிழவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது. வியாபாரிக்கு இன்றைய பங்கு, பார்க்க ஆளில்லாத நேரத்திலும் தராசுத் தட்டைச் சரியாகப் பிடிப்பது. கோபித்துக்கொண்டு வேலிக்கு அப்பால் இருக்கிற தமையனுக்கோ தங்கைக்கோ ஒரு சொல் சொல்வதும் இன்றைய பங்காக இருக்கலாம். அதற்கு நாளை என்ற ஒன்று இல்லாமற் போகவும் கூடும். காலையில் எழும்பும்போது, ஆண்டவரே, இன்றைக்கு நான் செய்ய வேண்டிய ஒன்றைக் காட்டும் என்று கேட்பதும், இரவில் பாயில் சரியும்போது, அதைச் செய்தேனா என்று பார்ப்பதும் போதும். செய்திருந்தால் நன்றி சொல்லலாம். செய்யாவிட்டால் மன்னிப்புக் கேட்கலாம். மிச்சத்தை அவரிடம் விட்டு விட்டு நித்திரை கொள்ளலாம்.

கிறிஸ்தவர் அல்லாத நேயர்களும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்பதை அறிவேன். உங்கள் முன்னோர் நாலடியாரிலே அதே வரிசையைத்தான் வைத்துத் தந்திருக்கிறார்கள். வழிபடும் வாசல் வேறாக இருக்கலாம். கையில் இருக்கிற பொழுது எல்லோருக்கும் ஒரே அளவானது.

நம்முடைய ஊரில் ஒரு பேச்சு வழக்கு உண்டு. பலன் கிடைக்க நெடுங்காலம் செல்லும் வேலையைப் பார்த்து, “வடலி வளர்த்துக் கள்ளுக் குடிக்கிற கதை” என்று பகிடி பண்ணுவோம். பனங்கொட்டை முளைத்து வடலியாகி, வடலி பனையாகிப் பாளை தள்ளப் பதினைந்து, இருபது வருடங்கள் செல்லும். நட்டவர் இருப்பாரோ, இல்லையோ. பகிடி நியாயமானதுதான். ஆனால் நாம் பிறந்தபோது நம் வீட்டுக் கூரையில் இருந்த ஓலையும், வளையில் இருந்த மரமும், கூழுக்குப் போட்ட ஒடியலும் யாரோ ஒருவர் அந்தப் பகிடியைப் பொருட்படுத்தாமல் விட்ட வடலியிலிருந்து வந்தவை. தலையிழந்த பனைகள் நின்ற இந்தத் தென்மராட்சி மண்ணிலே புதிய வடலிகள் எழும்பியிருக்கின்றன. அவற்றின் நிழல் யாருக்கு என்று நமக்குத் தெரியாது. தண்ணீர் ஊற்றுவது நம்முடைய பங்கு.